மெய்வல்லுநரும் உடற்பிடியும்

உழைத்துக் களைத்த உடலை மற்றொருவர் கையால் பிடித்தும் நீவியும் ஆற்றுவது மக்கட் கூட்டத்தின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. வயலில் உழைத்தவர்க்கும், பாரம் சுமந்தவர்க்கும், மற்போர் புரிந்தவர்க்கும் அது பொதுவாயிருந்தது. இக்காலத்தில் அது மெய்வல்லுநர் பயிற்சியின் ஓர் அங்கமாக வளர்ந்துவிட்டது. பெரும் போட்டிகளுக்குச் செல்லும் அணிகள் உடற்பிடி வல்லுநரையும் உடன் அழைத்துச் செல்கின்றன. எனினும், உடற்பிடி உண்மையாகச் செய்யும் நன்மை யாது, செய்யும் என்று கூறப்பட்டும் செய்யாதது யாது என்னும் வினா அண்மைக் காலம் வரை செம்மையாக ஆராயப்படவில்லை. அவ்வினாவுக்கு இன்று கிடைத்துள்ள விடையை, மலையகத்துப் பாடசாலை மாணவர்க்கும் அவர்களைப் பயிற்றுவோர்க்கும் பயன்படுமாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இறக்கத்தில் விளையும் நோவு

நோட்டன் பிரிட்ஜ், கெகல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய அணையின் அருகே அமைந்த சிற்றூர். 1965ஆம் ஆண்டு தொழிற்படத் தொடங்கிய விமலசுரேந்திர நீர்மின் நிலையத்தால் அதன் பெயர் நாடறிந்தது. சுற்றிலும் தேயிலை மலைகள்; சமதரை காண்பது அரிது. பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையும் கொழுந்து பறிக்கச் செல்லும் தாயும் நாள்தோறும் ஏறியும் இறங்கியுமே நடக்கின்றனர். அங்கிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைந்தால் சிவனொளிபாத மலையின் அடிவாரம். மார்கழி மாதத்தை ஒட்டிய முழுமதி நாள் தொடங்கி வெசாக் முழுமதி நாள் வரை, 2,243 மீற்றர் உயரமுடைய அம்மலைக்கு அடியார் இரவு பகலாக ஏறுவர். நல்லதண்ணிப் பாதையில் ஏறத்தாழ 5,500 படிகள் உள்ளன என்பர்.

அம்மலை ஏறி மீண்டோர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. ஏறும்போது மூச்சு வாங்குகின்றது, நெஞ்சு படபடக்கின்றது. இறங்கும்போது அவ்வருத்தம் இல்லை. ஆயினும், மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடையும் கெண்டைக்காலும் நொந்து விறைக்கின்றன. பஸ்ஸின் படியில் இறங்குவதற்கும் கம்பியைப் பற்ற வேண்டியிருக்கின்றது. எளிதாகத் தோன்றிய இறக்கம் பெருநோவைத் தருவது ஏன்? உடற்பிடியின் பயனை ஆராய்வோர் முதலில் விடை காண வேண்டிய வினா இதுவே. நோவு எதனால் வந்தது என்று அறியாதவர், அதனைக் கை எவ்வாறு தீர்க்கும் என்று கூறவியலாது.

தசை தொழில் புரியும்போது எப்பொழுதும் சுருங்குவதில்லை. படியில் ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடலை மேலே தூக்குகின்றது. இறங்கும்போதோ அதே தசை, உடலின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே சிறிது சிறிதாக நீள்கின்றது. கயிற்றில் கட்டிய மூட்டையைப் பள்ளத்தில் மெல்ல இறக்குபவன் கயிற்றை இறுகப் பற்றியவாறே நழுவவிடுகிறான் அல்லவா? அவன் உள்ளங்கை எரிவது மூட்டையைத் தூக்கும்போதன்று, இறக்கும்போதே. இறக்கத்தில் தொடைத் தசையின் நிலையும் அத்தகையதே. நீளும்போது தாங்கும் இத்தொழிலுக்கு ஒட்சிசன் குறைவாகவே செலவாகும். ஆயின், ஒவ்வொரு நாரின் மீதும் விழும் இழுவிசை மிகுதி.

அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞர் தியோடர் ஹவ் 1902ஆம் ஆண்டிலேயே இதனை நுட்பமாகப் பிரித்துணர்ந்தார். உழைக்கும்போதே தோன்றும் களைப்பு வேறு, மறுநாள் தோன்றும் நோவு வேறு. பின்னது தசையின் உள்ளே ஏற்பட்ட நுண்ணிய கிழிவினால் விளைவது என்று அவர் கருதினார். 1981ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து ஆய்வாளர் பிரிடேன் முதலியோர், படிகளில் பன்முறை இறங்கி நொந்த கால்களின் தசைத் துணுக்குகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் நோக்கி, தசைநாரின் அலகுகளை இணைக்கும் நுண்கோடுகள் ஆங்காங்கே சிதைந்திருத்தலைக் கண்டனர். சிதைந்த இடத்தைச் சீர்செய்ய உடல் அங்கு நீரையும் வெண்குருதிக் கலங்களையும் செலுத்துகின்றது. வீக்கமும் விறைப்பும் நோவும் அச்சீர்திருத்தத்தின் உடன்விளைவுகள். அதனாலேயே நோவு உடனே தோன்றாமல், 24 முதல் 72 மணி நேரத்துள் உச்சத்தை அடைந்து, ஐந்து முதல் ஏழு நாள்களுள் தானே தணிகின்றது.

ஓட்டப் போட்டியில் பங்கு பற்றும் மாணவர்க்கும் இதுவே நிகழ்கின்றது. சரிவில் ஓடிப் பழகுவோர்க்குத் தொடையும், நெடுந்தூரம் ஓடுவோர்க்குக் கெண்டைக்காலும், பாய்வோர்க்கு எழும்பு காலும் மிகுதியாக நோகும். 1958ஆம் ஆண்டு தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கப் பதக்கம் வென்ற யாழ்ப்பாணத்து வீரர் நா. எதிர்வீரசிங்கம் போன்றோரின் துறையில், ஓடிவந்த வேகமெல்லாம் ஒற்றைக் காலின் மீது இறங்கி, அக்காலாலேயே உயரமாக மாற்றப்படுகின்றது. அக்கால் தாங்கும் விசை எத்துணைப் பெரிது என்பதை எண்ணிப் பார்த்தால் நோவின் காரணம் தெளிவாகும்.

இலற்றிக் அமிலம் என்னும் பழைய கொள்கை

மெய்வல்லுநர் உலகில் நெடுங்காலம் நிலவிய கருத்து வேறு. கடுமையாக உழைக்கும் தசையில் இலற்றிக் அமிலம் என்னும் பாலமிலம் தேங்குகின்றது; அதுவே நோவுக்குக் காரணம்; கையால் பிசைந்தால் அவ்வமிலம் பிழிந்து வெளியேற்றப்படும் என்பதே அக்கருத்து. தசையின் வெப்பத்தையும் இலற்றிக் அமிலத்தையும் பற்றி ஆராய்ந்த ஆர்ச்சிபால்ட் ஹில், ஒற்றோ மேயர்ஹோவ் ஆகிய இருவர்க்கும் 1922ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர்களது ஆராய்ச்சி அரியது. ஆயினும், அதனின்று பிறர் வருவித்த முடிபு எல்லை கடந்துவிட்டது.

அம்முடிபு பொருந்தாமையை இரு செய்திகள் காட்டுகின்றன. முதலாவது, உழைப்பு நின்றபின் குருதியிலுள்ள இலற்றேற்று ஏறத்தாழ ஒரு மணி நேரத்துள் பழைய அளவை அடைந்துவிடுகின்றது. அது வெறுங் கழிவும் அன்று. இதயமும் ஏனைய தசைகளும் அதனை எரிபொருளாகக் கொள்கின்றன. ஈரல் அதனை மீண்டும் குளுக்கோசாக மாற்றுகின்றது. மாலையிலேயே மறைந்துவிட்ட பொருள் மறுநாட் காலையில் நோவைத் தருதல் எங்ஙனம்? இரண்டாவது, 1983ஆம் ஆண்டில் சுவேன் முதலிய அமெரிக்க ஆய்வாளர் சமதரையில் ஓடியோரையும் இறக்கத்தில் ஓடியோரையும் ஒப்பிட்டனர். சமதரையில் ஓடியோர்க்கு இலற்றிக் அமிலம் உயர்ந்தது, நோவு வரவில்லை. இறக்கத்தில் ஓடியோர்க்கு அமிலம் உயரவில்லை, நோவு வந்தது. இதனின் மேற்பட்ட சான்று வேண்டுவதில்லை.

இனி, உடற்பிடி அவ்வமிலத்தை விரைந்து அகற்றுமோ எனில் அதுவும் இல்லை. கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கைப்பிடிப் பயிற்சி செய்த முன்கையைப் பிசைந்தபோது, பிசையும் கையின் அழுத்தமே குருதியோட்டத்தைத் தடுத்து, அமிலம் அகல்வதைத் தாமதிக்கச் செய்தது எனக் கண்டனர். அமிலம் விரைந்து அகல வேண்டுமாயின், ஓட்டம் முடிந்ததும் நின்றுவிடாது பத்து நிமிடம் மெல்ல நடத்தலும் மெல்ல ஓடுதலும் போதும். இயங்கும் தசையே தன்னைத் தான் கழுவிக்கொள்ளும் இயந்திரமாம்.

பண்டையோர் கண்ட வழிகள்

காரணம் பற்றிய கொள்கை பிழைபட்டதனால் அவ்வழக்கமே பயனற்றது என்று கருதுதல் கூடாது. பல தேசத்தார் பல நூற்றாண்டுகள் கைவிடாது போற்றிய ஒன்றில் ஏதேனும் ஓர் உண்மை இருத்தல் கூடும்.

கிரேக்கர் தம் இளைஞரைப் பயிற்றிய ஆசானுக்கு வழங்கிய பெயரே 'சிறுவரைத் தேய்த்து விடுபவன்' எனப் பொருள்படும். மற்போரின் முன்னர் எண்ணெய் பூசிக்கொள்வதும், முடிந்தபின் எண்ணெயையும் புழுதியையும் வளைந்த உலோகச் சுரண்டியால் வழித்தெடுப்பதும் அவர்தம் வழக்கம். பெர்காமம் நகரில் பிறந்த காலன் என்னும் மருத்துவர் கி.பி. 157ஆம் ஆண்டளவில் அந்நகரத்து வாட்போர் வீரர்களுக்கு வைத்தியராயிருந்தவர். பயிற்சிக்கு முன் செய்யும் தேய்ப்பு வேறு, பின் செய்யும் தேய்ப்பு வேறு என்று அவர் வகுத்துரைத்தார். பின்னது மென்மையாய், எண்ணெய் மிகுத்து, உடலைத் தளர்த்துவதாய் இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. இன்றைய அறிவுக்கும் அது ஒத்ததே.

தமிழகத்தில் மற்போர் தொன்மையானது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்ற செய்தியைச் சாத்தந்தையார் பாடிய புறநானூற்றுச் செய்யுள்களால் அறிகின்றோம். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ வேந்தன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் எனப் பெயர் பூண்டான். சித்த மருத்துவத்தார் தம் முப்பத்திரண்டு புற மருந்து முறைகளுள் ஒன்றாகத் தொக்கணத்தை வைத்து, அதனைத் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகையாகப் பகுத்தனர். கேரளத்துக் களரிகளில் ஆசான் மேலே கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு, கீழே எண்ணெய் பூசிக் கிடக்கும் மாணாக்கனின் உடலைத் தன் பாதங்களால் உழியும் முறை இன்றும் உண்டு. மழைக்காலத்தில் பயிற்சியோடு இதனையும் சேர்த்துச் செய்தல் அவர் மரபு.

மேல்நாட்டில் சுவீடன் தேசத்துப் பேர் ஹென்றிக் லிங் (1776–1839) உடற்பயிற்சியை ஒரு கல்வித்துறையாக வளர்த்தார். உடற்பிடியின் கைவினைகளைப் பெயரிட்டு வகைப்படுத்திய பெருமை ஒல்லாந்து மருத்துவர் யோகான் மெட்ஸ்கருக்கு (1838–1909) உரியது. அவ்வகைகள் இன்றும் வழங்குகின்றன. உள்ளங்கை முழுதும் படுமாறு நீளமாக உருவுதல் நீவல். தசையை எலும்பினின்று சிறிது தூக்கிப் பிழிந்து விடுதல் பிசைதல். விரல் நுனியால் ஓரிடத்தில் சிறு வட்டமாகவோ குறுக்காகவோ அழுத்துதல் தேய்த்தல். கையைக் குவித்தோ விரல்களைத் தளர்த்தியோ மாறி மாறி அடித்தல் தட்டல். கையை வைத்தவாறு நடுங்கச் செய்தல் அதிர்வித்தல். சித்தர் வகுத்த ஒன்பதனோடு இவ்வைந்தையும் ஒப்பிட்டால், வெவ்வேறு நிலத்தில் வாழ்ந்தோரின் கைகள் ஏறத்தாழ ஒரே வழிகளைக் கண்டுகொண்டன என்பது புலனாகும். ஒன்பதனுள் முறுக்கலும் இழுத்தலும் மூட்டுகளையும் அசைப்பவை. அவை பயின்றவர் கையில் மட்டுமே இருக்கத் தக்கவை.

ஆய்வுகள் கூறுவன

உடற்பிடியால் விளையும் பயன் யாது? கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் 2012ஆம் ஆண்டில் ஓர் அரிய சோதனையை வெளியிட்டனர். இளைஞர் பதினொருவரைச் சோர்ந்து போகும்வரை மிதிவண்டிப் பொறியில் மிதிக்கச் செய்து, ஒரு காலை மட்டும் பத்து நிமிடம் பிடித்துவிட்டு, மற்றக் காலை வாளாவிட்டனர். பின் இரு கால்களினின்றும் தசைத் துணுக்குகளை எடுத்து ஒப்பிட்டனர். இலற்றேற்றின் அளவில் வேறுபாடில்லை. ஆயின், பிடித்துவிட்ட காலில் அழற்சியைத் தூண்டும் வேதிக் குறிகள் குறைந்திருந்தன. கலத்தின் ஆற்றல் நிலையங்களாகிய இழைமணிகளைப் பெருக்கும் குறி மிகுந்திருந்தது. பதினொருவரைக் கொண்டு செய்த சோதனை முடிந்த முடிபாகாது. எனினும், கையின் அழுத்தம் தசைக் கலத்தின் உள்ளேயும் உணரப்படுகின்றது என்பதற்கு அது சான்று.

2018ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆய்வாளர் 99 ஆய்வுகளை ஒருங்கு நோக்கி, பயிற்சிக்குப் பிந்திய நோவையும் களைப்புணர்வையும் தணிக்கும் வழிகளுள் உடற்பிடியே முதன்மையானது என்றனர். 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தார் 1,012 பேரை உட்கொண்ட 29 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். உடற்பிடியால் வலிமையோ, பாயும் உயரமோ, ஓடும் வேகமோ, தாங்குந்திறனோ கூடுகின்றது என்பதற்குச் சான்றில்லை. ஆயினும், நோவு சிறிது குறைகின்றது, உடல் வளையுந்திறன் சிறிது கூடுகின்றது என்பது அவர்தம் முடிபு.

நோவு குறைதற்குரிய காரணங்களுள் ஒன்றை எளிதில் உணரலாம். இடித்துக்கொண்ட முழங்கையை யாவரும் தாமாகவே தடவிக்கொள்கின்றனர். தொடுகையைக் கொண்டு செல்லும் நரம்புகளின் செய்தி முள்ளந்தண்டினை அடையும்போது, நோவைக் கொண்டு செல்லும் செய்தி நுழையும் வாயிலை அது ஓரளவு அடைக்கின்றது என்று மெல்சாக், வோல் என்னும் இருவர் 1965ஆம் ஆண்டில் விளக்கினர். இதனோடு, மென்மையான பிடியால் உள்ளம் அமைதியுறுகின்றது. மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் தணிகின்றன. உறக்கம் எளிதில் வருகின்றது. சிதைந்த தசை சீராவது பெரிதும் உறக்கத்திலேயாதலின், இது சிறு பயனன்று.

ஆகவே, உடற்பிடி தசையைப் புதுப்பிப்பதில்லை. தசை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் காலத்தை இலகுவாக்குகின்றது. இவ்வேறுபாட்டை மறத்தலே தீங்கிற்கு வித்தாகும். நோவு குறைந்தமையால் கால் குணமாயிற்று என்று எண்ணி, நொந்த மாணவனை மறுநாளே மீண்டும் களத்தில் இறக்கும் பயிற்றுநர், சுவர் வெடித்திருக்க அதன் மேல் வெள்ளை பூசுபவரை ஒப்பர்.

செய்யும் முறை

ஓட்டம் முடிந்தவுடன் கை வைத்தல் ஆகாது. முதலில் மெல்ல நடந்து மூச்சு அடங்க வேண்டும். நீர் அருந்த வேண்டும். வியர்த்த ஆடையைக் களைந்து உலர்ந்த ஆடை அணிய வேண்டும். மலையகத்துக் காற்றில் வியர்வை குளிர்ந்து தசை விறைப்பது விரைவில் நிகழும். அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துள் உடற்பிடி செய்தல் நன்று.

நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ போதுமானது. 24 பாகை செல்சியசிற்குக் கீழே தேங்காயெண்ணெய் உறைவதால், மலைநாட்டில் அதனை வெந்நீரில் வைத்து இளக்கிக்கொள்ள வேண்டும். எரிவு தரும் தைலங்கள் தோலுக்கு வெப்ப உணர்வைத் தருமேயன்றித் தசையைச் சீராக்குவதில்லை. கீறிய தோலிலும் கண்ணருகிலும் அவை படலாகாது.

மாணவனைப் பாயில் குப்புறக் கிடத்தி, கணுக்காலின் கீழே சுருட்டிய துணி வைக்க வேண்டும். பிடிக்கும் காலைத் தவிர ஏனைய உறுப்புகளைப் போர்வையால் மூட வேண்டும். கை எப்பொழுதும் பாதத்திலிருந்து இதயத்தை நோக்கியே செல்ல வேண்டும். முதலில் இரண்டு நிமிடம் உள்ளங்கையால் மெல்ல நீவி எண்ணெயைப் பரப்புக. பின் நான்கு அல்லது ஐந்து நிமிடம் கெண்டைக்காலையும் பின்தொடையையும் இரு கைகளாலும் மாறி மாறிப் பிசைக. கட்டியாக விறைத்த இடம் கண்டால், பெருவிரலால் அரை நிமிடம் மட்டும் சிறு வட்டமாகத் தேய்க்க. இறுதியில் மீண்டும் நீவி முடிக்க. அதன்பின் நிமிர்ந்து படுக்கச் செய்து முன்தொடையை அவ்வாறே பிடிக்க. ஒரு காலுக்குப் பத்து நிமிடம் போதும். தட்டல் தசையைத் தூண்டுவதாதலின் அது போட்டிக்கு முன்னர் ஏற்றது, பின்னர் வேண்டியதில்லை.

முழங்காலின் பின்குழி, கவட்டி, கழுத்தின் முன்புறம், முள்ளந்தண்டு, கணைக்கால் எலும்பின் விளிம்பு ஆகிய இடங்களை அழுத்தலாகாது. முன்னைய மூன்றிலும் பெரிய குருதிக் குழாய்களும் நரம்புகளும் தோலுக்கு அண்மையில் ஓடுகின்றன. நோவெடுக்கப் பிடித்தால்தான் பயன் என்பது மக்களிடையே வேரூன்றிய எண்ணம். அது தவறு. பிடிக்கப்படுபவர் இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டு பேச இயல வேண்டும். முகம் சுளித்தாலோ தசை இறுகிக்கொண்டாலோ அழுத்தம் மிகுந்துவிட்டது என்பதே பொருள். ஏற்கெனவே நுண்கிழிவுற்ற தசையை வன்மையாக நசுக்குதல் கிழிவைப் பெருக்குமேயன்றித் தீர்க்காது.

கை வைக்கத் தகாத இடங்கள்

உடற்பிடி செய்யக் கற்றலினும், செய்யத் தகாத இடம் அறிதல் இன்றியமையாதது. ஓடும்போது தசையில் சடுதியாகக் குத்தும் நோவு ஏற்பட்டு மாணவன் நொண்டினால், அது களைப்பன்று. தசை கிழிந்ததன் அறிகுறி. மூட்டுப் பிறழ்ந்து வீங்கினால் சுளுக்கெனப் பெயரிட்டு உடனே உருவிவிடுதல் நம்மவர் வழக்கம். இவ்விரண்டிலும் முதல் இரண்டு மூன்று நாள்கள் கை வைத்தலாகாது. உள்ளே கசியும் குருதி அதனால் பெருகும். தொடையில் பலமான அடி விழுந்து கன்றிய இடத்தைப் பிசைந்தால், அக்குருதிக் கட்டியினுள் எலும்பு வளர்ந்து மாதக்கணக்கில் காலை மடக்க இயலாமற் போதலும் உண்டு. இந்நிலைகளில் ஓய்வு, துணியில் சுற்றிய குளிர்ந்த ஒற்றடம், இறுக்கமில்லாத கட்டு, காலை உயர்த்தி வைத்தல் ஆகியனவே முதலுதவி.

கணைக்கால் எலும்பில் ஒரு விரல் அகல இடத்தில் மட்டும் நாள்தோறும் நோவு மிகுந்து வருமாயின், எலும்பில் நுண்வெடிப்பு இருத்தல் கூடும். ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கிச் சிவந்து சூடாயிருந்தால், நாளத்தில் குருதி உறைந்திருத்தல் கூடும். அதனைப் பிசைந்தால் உறைந்த துணுக்கு பெயர்ந்து நுரையீரலை அடைந்து உயிருக்கே இடர் விளைக்கும். காய்ச்சல் உள்ளவரையும் தோலில் புண், படை உள்ளவரையும் பிடித்தலாகாது.

எல்லாவற்றினும் கொடிய குறி ஒன்றுண்டு. பழக்கமில்லாத கடும் உழைப்பின் பின்னர் தசை மிக வீங்கி வலுவிழக்க, சிறுநீர் சாயத்தண்ணீரின் நிறத்தில் கறுத்து வெளியேறுமாயின், சிதைந்த தசையின் பொருள் குருதியிற் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகின்றது என்று அறிதல் வேண்டும். அந்நிலையில் எண்ணெயைத் தேடுதல் கூடாது. வாகனத்தைத் தேடுதல் வேண்டும். இந்திய அரசின் உதவியால் 150 படுக்கைகளோடு அமைந்த டிக்கோயா ஆதார வைத்தியசாலையின் புதிய கட்டடத் தொகுதி 2017ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. மலையகத்தார்க்கு வைத்தியம் முன்னினும் அண்மையில் வந்திருக்க, அதனை நாடுவதில் தாமதித்தல் பெரும் பிழையாம்.

நோவு வாராமற் காத்தல்

வந்த நோவைத் தணிப்பதினும் வாராமற் காத்தல் எளிது. நாள்தோறும் சரிவில் ஏறியிறங்கிக் கொழுந்து பறிக்கும் பெண்டிர், சிவனொளிபாதம் சென்று மீண்டாலும், சமதரையில் வாழ்வோர் படும் பாடு படுவதில்லை. காரணம் யாது? நீளும்போது தாங்கும் தொழிலை ஒருமுறை அளவாகச் செய்த தசை, அடுத்த முறை அதே தொழிலைச் செய்யும்போது மிகக் குறைவாகவே சிதைகின்றது. இக்காப்பு சில வாரங்கள் வரை நிலைக்கின்றது. எனவே, இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒரு கிழமைக்கு முன்னர் மாணவரைக் கூட்டி முழு வேகத்தில் ஓடவைத்தல் முறையன்று. ஐந்தாறு கிழமைகளுக்கு முன்னரே தொடங்கி, சிறு இறக்கங்களில் மெல்ல ஓடவைத்து, தூரத்தையும் வேகத்தையும் படிப்படியாக உயர்த்துதல் வேண்டும். இதற்குப் பணச்செலவு இல்லை. வேண்டுவது முற்கூட்டிய எண்ணமே.

உணவும் உறக்கமும் இதனோடு சேர்ந்தவை. உழைத்த தசை தன் எரிபொருளை நிரப்பிக்கொள்ளச் சோறும் உரொட்டியும் வேண்டும். சிதைந்த இடத்தைக் கட்டப் பருப்பும் முட்டையும் மீனும் வேண்டும். காலையில் வெறுந்தேநீர் மட்டும் அருந்திவிட்டு ஓட வந்த பிள்ளைக்கு எவ்வளவு எண்ணெய் பூசினாலும் பயனில்லை. வளரும் பருவத்தார்க்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் தேவை.

கை வைப்போரின் கடமை

உடற்பிடி மருந்தைப் போன்றதன்று. அது ஒருவர் உடலை மற்றொருவர் தொடுவதாகும். பாடசாலையில் அது நடைபெறும்போது சில ஒழுங்குகள் வேண்டும். மாணவரின் இசைவின்றிச் செய்தலாகாது. வேண்டாம் என்று கூறும் உரிமை மாணவர்க்கு உண்டு. மாணவியர்க்கு ஆசிரியையோ சக மாணவியோ செய்தல் வேண்டும். மூடிய அறையில் தனித்துச் செய்யாது, பிறர் காணும் இடத்தில், பெற்றோர் அறியச் செய்தல் வேண்டும். முழங்காலுக்குக் கீழும் தொடையின் கீழ்ப்பகுதியும் பெரும்பாலும் மாணவர் தாமே பிடித்துக்கொள்ளக் கூடிய இடங்களாதலின், அதனைக் கற்றுக்கொடுத்தல் யாவற்றினும் சிறந்தது.

பயிற்றுநர் தம்மைத் தாமே வினவ வேண்டிய வினா ஒன்றுண்டு: இம்மாணவனின் காலைப் பிடித்துவிடுவது அவன் ஆறுதலடைதற்காகவா, அல்லது நாளைய ஓட்டத்தில் அவன் நோவை மறந்து ஓடுதற்காகவா? முன்னது கடமை, பின்னது தீங்கு. வலய மட்டப் போட்டியில் வென்று மாகாண மட்டத்துக்குச் செல்லும் பிள்ளை, ஒரு தோட்டம் முழுதுக்கும் பெருமை சேர்க்கும் பிள்ளை. அப்பெருமையின் ஆசையால், பதினைந்து வயதில் கிழிந்த தசை ஆறுமுன்னே மீண்டும் மீண்டும் ஓடவைத்தால், அவ்வயதிலேயே அதன் ஓட்டம் முடிந்துவிடுதலும் கூடும்.

தேயிலைச் சரிவுகளில் நாள் முழுதும் கூடை சுமந்து ஏறியிறங்கும் தாய்மாரின் தொடைத் தசையும் மெய்வல்லுநரின் தசையைப் போன்றதே. அது களைப்பதும் நோவதும் அதே முறையில்தான். அவர்களுக்குப் பதக்கமும் இல்லை, பிடித்துவிடும் வல்லுநரும் இல்லை. பாடசாலையில் இக்கலையை முறையாகக் கற்ற பிள்ளை, மாலையில் இல்லத்தில் தன் தாயின் காலைப் பாதத்திலிருந்து மேல்நோக்கிப் பத்து நிமிடம் நீவிவிடுமாயின், கற்ற கல்வி உரிய இடத்தைச் சேர்ந்ததாகும்.